நீ வெட்டிப் போட்ட 'ஆனா'

சரவணா,

நலமா, சாப்பிட்டாயா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. அப்படித் தொடங்கினால் பாதியிலேயே மனசு இளகிவிடும். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடித்துவிடுவேன். உன் மேல் கோபமாக இருக்கிறேன். போனில் கூப்பிட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்மா' என்கிறாய். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். கட்டைவிரலுக்கு நான் என்ன பதில் சொல்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னிடம் சமையல் கற்றுக்கொள்கிறவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒருநாள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்கிறேன். ஆனால் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அதை நீ முடிக்கும்வரை இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

நடந்ததை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஜெயா என்று ஒருத்தி என்னிடம் சமையல் கற்றுக்கொள்கிறாள். அவளுடைய கணவர் செல்வராஜ் சாருக்குச் சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலை செய்வதில்லை. நான் பேசுவதாக நீ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் தினமும் வாழைத்தண்டுச் சாறு குடித்தார். ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். நீ அந்த வீடியோவை எடுத்துவிட்டு, 'அவ்ளோதாம்மா, டெலீட் பண்ணிட்டேன், முடிஞ்சுது' என்றாய். எதுவும் முடியவில்லை. அந்த வீட்டுச் சமையலறையில் இன்றைக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது போலிருக்கிறது. இன்டர்நெட்டில் நீ வீடியோ போடுகிற பக்கத்தில் என்னைப் பற்றி, 'பாரம்பரிய சமையல் ரகசியங்களை அறிந்த அம்மா' என்று எழுதியிருந்தாய். என்னிடம் ஒரு ரகசியமும் இல்லை. உங்கப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதாகத் தெரிந்த அன்று டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, 'சாப்பாட்டுல கன்ட்ரோலா இருக்கச் சொல்லுங்கம்மா' என்றார். அவ்வளவுதான். எதை, எவ்வளவு, எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. மாத்திரையை மட்டும் காலை ஒன்று, இரவு ஒன்று என்று படம் போட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். சாப்பாட்டுக்கு வந்தால் ஒரு கையசைப்போடு பெண்பிள்ளை தலையில் இறக்கிவிடுகிறார்கள். அன்றைக்கு ஆரம்பித்த கோபம் எனக்கு.

உங்கப்பா அன்றிலிருந்து ராத்திரி சோற்றை நிறுத்தினார். மறைமலைநகரில் கம்பெனி பஸ்ஸில் அவரோடு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். சோறு விஷம், சப்பாத்தி மருந்து. அடுக்கடுக்காகச் சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. 'சோத்தையே தொடல, இன்னாத்துக்கு ஏறிகினு போவுது?' என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். 'சப்பாத்தின்னா நல்லதுன்னுதானே சொன்னாங்க?' என்று கேட்டார். நல்லதுதான். எத்தனை என்று யாரும் சொல்லவில்லை. அதோடு உருளைக்கிழங்கு சேரக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. 'சப்பாத்தி நல்லது, ஆனா' என்று ஒருவர் ஆரம்பித்திருந்தால் போதும், உங்கப்பாவுக்கு அந்த வருஷம் வீணாகியிருக்காது.

செங்கல்பட்டில் சனிக்கிழமைகளில் நோயாளிகளுக்கான சமையல் பற்றி ஒரு பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். நீ அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். என்னோடு உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் உன்னைவிடச் சின்னவர்கள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவளுக்கு மறுபடி பெஞ்சில் உட்காரக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய். முதல் பெஞ்சைப் பிடித்துக்கொள்வதற்காக வெறும் வயிற்றோடு முந்தைய ரயிலில் போவேன். சொல்லிக் கொடுத்த அம்மாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்தவர். அவர் எது சொன்னாலும் நான் கையைத் தூக்குவேன். 'மேடம், கேழ்வரகு நல்லதுன்னா கூழாக் குடிக்கலாமா, அடையாச் சாப்பிடணுமா?' 'மேடம், ஓட்ஸ் கஞ்சியில வெல்லம் போட்டா?' பின்னாலிருந்த பெண்கள் எனக்கு 'மேடம் ஆன்ட்டி' என்று பெயர் வைத்தார்கள். எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை. நூலகத்தில் எடுத்து வந்த புத்தகங்களை உலை கொதிக்கிற நேரத்தில் படித்தேன். ஒரே காய் ஒருவருக்கு மருந்தாகவும் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஆபத்தாகவும் இருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு ஆச்சரியமாக இருந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தபோது விதியைவிட விதிவிலக்குகள்தான் எனக்குப் பிடிக்கும். இங்கேயும் அப்படித்தான். இந்தப் படிப்பு முழுவதுமே விதிவிலக்குகள்.

அதன் பிறகு வீடு வீடாகப் போய்க் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தேன். உன் அத்தை ஒரு வளைகாப்பில் எல்லார் முன்னாலும், 'எங்க அண்ணி இப்ப வூடு வூடா சமைக்கப் போறாங்க, தெரியாதா?' என்றாள். 'சமைக்க இல்லம்மா, சமைக்கக் கத்துக் குடுக்க' என்றேன். 'ரெண்டும் அடுப்பாண்டதானே அண்ணி நிக்கணும்' என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் அங்கே இருந்தாய். நீ சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அதற்காகத்தான் நீ அந்தப் பக்கத்தை ஆரம்பித்தாய், என்னைப் பெரிய ஆளாகக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. அதை நீ எப்படி நிறைவேற்றினாய் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்த வேலையில் எனக்குப் பிடிபட்ட முதல் உண்மையைச் சொல்கிறேன், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன், கேட்டுக்கொள். நான் போகிற வீடுகளில் பெரும்பாலும் நோய் ஆணுக்கு, வகுப்பு பெண்ணுக்கு. சர்க்கரை அவருக்கு, எதை அளந்து போட வேண்டும் என்று மனப்பாடம் செய்கிறவள் அவள். கொழுப்பு அவருக்கு, எண்ணெயைக் குறைத்ததற்குத் திட்டு வாங்குகிறவள் அவள். அவர் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே, 'டீச்சர், எங்க வீட்டம்மாவுக்கு ருசியாவும் செய்யக் கத்துக் குடுங்க' என்று குரல் கொடுப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். அதனால் ஒரு நிபந்தனை வைத்தேன். நோய் யாருக்கோ அவர் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். கரண்டி அவர் கையில் இருக்க வேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சில வீடுகளில் ஒப்புக்கொண்டார்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். இன்றைக்கு அவர் வைக்கிற கொள்ளு ரசத்தை அவர் மருமகள் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். மாமல்லபுரத்தில் சிலை செய்கிற ஒருவர் உளியைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து, கைத்தூசியைக் கழுவிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கினார். பல வீடுகளில் ஒப்புக்கொள்ளவில்லை. செல்வராஜ் சார் ஒப்புக்கொள்ளவே இல்லை.

அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலையில் சட்டையை இன் செய்துகொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார். 'ரிட்டயர் ஆனது காலை நீட்டி உக்காரத்தான் டீச்சர். இவ பக்கத்துல நின்னு கரண்டி ஆட்டவா?' என்பார். அவர் கேலிக்காரர், எனக்கு அவரைப் பிடிக்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, காயிலும் கீரையிலும் பழத்திலும் இருக்கிற பொட்டாசியம் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கிவிடும். அது அதிகமானால் இதயம் தடுமாறும். அதனால் உருளைக்கிழங்கு, கேரட் போன்றவற்றைச் சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். நம் ஊரில் இதைவிடக் கஷ்டமான பாடம் கிடையாது. காய் வெந்த தண்ணீரில்தான் சத்து என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தவளிடம் போய் அதைத் தொட்டியில் கொட்டு என்றால் கை வருமா? ஜெயா முதல் தடவை சட்டியைச் சாய்த்தபோது பாவம் செய்கிறவள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டாள். 'எங்கம்மா பாத்தா அடிச்சே போடுவா டீச்சர்' என்றாள். ஹாலிலிருந்து சார், 'சத்தெல்லாம் சாக்கடைக்குல்லா போவுது? இனிமே இந்தத் தெருவுல சாக்கடைதான் தெம்பா இருக்கும், நான் இல்ல' என்றார். மூன்று பேரும் சிரித்தோம். ஆனாலும் அவள் கொட்டினாள். ஒவ்வொரு நாளும் கொட்டினாள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. சாரைப் பார்க்கிற ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் அம்மாள், யார் சமைத்தது என்று கேட்டாராம். ஜெயா எனக்குப் போன் செய்து அதைச் சொன்னபோது நான் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். ரயில் சத்தத்தில் அவள் சொன்னது பாதி காதில் விழவில்லை. மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இப்போது நீ வருகிறாய். லீவுக்கு வந்திருந்தாய். நம் வீட்டில் அன்று அடுத்த தெரு வசந்திக்கு வகுப்பு. அவள் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கல். நீ போனை அந்த மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்துவைத்துப் படம் பிடித்தாய். வாழைத்தண்டை நார் எடுத்துக்கொண்டே நான் சொன்னதை எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. 'கிட்னியில கல் இருந்தா, டாக்டரைக் கேட்டுட்டு வாழைத்தண்டு சேத்துக்கலாம், நல்லது. ஆனா, கிட்னியே சரியா வேலை செய்யலன்னு சொல்லியிருந்தாங்கன்னா இதைத் தொடவே கூடாது. சாறு வாயிலயே வைக்கக் கூடாது. கல் வேற, இது வேற.' வசந்தி அதைத் திருப்பிச் சொன்னாள். நான் யாரையும் திருப்பிச் சொல்லவைக்காமல் விடுவதில்லை. நீ என்ன செய்தாய்? 'ஆனா'வுக்கு முன்னால் வெட்டினாய். 'டாக்டரைக் கேட்டுட்டு' என்பதையும் எடுத்துவிட்டாய். பின்னால் வீணை இசை போட்டாய். மேலே, 'கிட்னியைக் கழுவும் வாழைத்தண்டு, அம்மாவின் கைவைத்தியம்' என்று பெரிய எழுத்தில் போட்டாய்.

நான் பார்த்ததே மற்றவர்கள் காட்டித்தான். உங்கப்பாதான் முதலில் வந்து சொன்னார். 'இன்னா, பஸ்ல எல்லாரும் உன்னைத்தான் பாத்துகினு வரானுங்க. டிரைவர்கூட உன்ன டாக்டரம்மான்றான்' என்றார் பெருமையாக. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய் என்பதை எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய். 'ம்மா, ஆனான்னு ஆரம்பிச்சாலே ஆளுங்க தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. நான் எதுவும் புதுசாச் சேக்கலையே. நீ சொன்னதைத்தானே போட்டேன்?' நான் எடுக்கச் சொன்னேன். 'இப்பதாம்மா நல்லாப் போகுது, ரெண்டு நாள் விடு' என்றாய். கீழே ஏதோ இங்கிலீஷில் எச்சரிக்கை எழுதியிருப்பதாகவும் சொன்னாய். வாழைத்தண்டு வாங்க மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு மனுஷி, அந்தப் பொடி எழுத்து இங்கிலீஷைப் படித்துவிட்டா போவாள்? அதே பேச்சில்தான் ஒரு உப்புக் கம்பெனி கேட்கிறது, நான் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்றாய். சோடியத்தைக் குறைக்கிற அந்த உப்பில் பொட்டாசியத்தைச் சேர்க்கிறார்கள், செல்வராஜ் சார் மாதிரி ஆட்களுக்கு அது ஆகவே ஆகாது என்றேன். 'அதெல்லாம் யாரு கேக்கப் போறாம்மா' என்றாய். நான் போனை வைத்துவிட்டேன்.

இதோ, கேட்டவர்கள் இருக்கிறார்கள். நான் வாராவாரம் அந்த வீட்டுச் சமையலறையில் நின்று ஜெயாவுக்குத் தண்ணீரைக் கொட்டக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சார் ஹாலில் உட்கார்ந்து என்னைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் இருந்த நான் சொன்னது கசப்பு. போனில் இருந்த நான் சொன்னது இனிப்பு. 'உன் டீச்சரே சொல்லிட்டாங்க பாரு, கிட்னியைக் கழுவுதாம்லா' என்று அவர் சொல்லியிருக்கிறார். ஜெயாவுக்குச் சந்தேகம்தான். ஆனால் பேசுவது நான். என் முகம், என் குரல், நம் வீட்டுச் சுவர். புதிதாக ஏதோ படித்துவிட்டு டீச்சர் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து காலையில் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். நானே சொன்னதுதானே, எனக்குத் தெரியாதா என்ன என்று நினைத்து அவள் அதை என்னிடம் சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெயா உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மாறிய செருப்பு, ஒரு காலில் அவளுடையது, இன்னொரு காலில் அவருடையது. உள்ளே அவருக்கு அவசரமாக ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. 'நீங்கதானே சொன்னீங்க டீச்சர்?' என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான், 'ஆமா ஜெயா' என்றேன். என் வாயிலிருந்து வந்ததுதானே? அந்த இடத்தில், அந்தக் கதவு முன்னால் நின்றுகொண்டு, என் பிள்ளை வெட்டிவிட்டான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கு வந்த பிறகு போனில் விளக்கமாகச் சொன்னேன். முழுசாக நான் சொன்னது இது, நீ போட்டது இது என்று. அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, 'தப்பு நடந்துபோச்சுன்னா நடந்துபோச்சு டீச்சர். அதுக்காகப் பெத்த பிள்ளை மேல பழியைப் போடாதீங்க' என்றாள். மறுநாள் நேரில் போனேன். கதவைத் திறந்தாள்; நிலைப்படியிலேயே நின்றாள். 'இனிமே வேண்டாம் டீச்சர்' என்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். கடல்காற்று முகத்தில் மணலை அடித்தது. அதைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு வீடு போய்விட்டது என்பதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. போகட்டும். ஆனால் அதே குடியிருப்பில் இன்னொரு மாணவி இருக்கிறாள், மாடி வீட்டுக்காரி. அவள் போன வாரம் சொன்னாள்: ஜெயா இப்போது காய் வெந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. 'அந்த டீச்சர் சொன்னது ஒண்ணு தப்புன்னா எல்லாமே தப்பாத்தானே இருக்கும்' என்று சொல்லியிருக்கிறாள். அவள் கணக்கில் அது நியாயம். நான் சொன்ன நல்லதையும், நீ வெட்டிய கெட்டதையும் அவள் எப்படிப் பிரித்துப் பார்ப்பாள்? இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததாக நீதானே காட்டினாய்? இப்போது உருளைக்கிழங்கு தண்ணீரோடு குழம்பில் விழுகிறது. வெந்த தண்ணீரோடு கடைந்த கீரை அவர் தட்டில் விழுகிறது. சார் ஹாலில் உட்கார்ந்து, ருசி திரும்பி வந்துவிட்டதென்று சந்தோஷமாகச் சாப்பிடுகிறாராம். ஆலோசகர் அம்மாளிடம் அடுத்த முறை போவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். மாடி வீட்டுக்காரியை விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான் அனுப்பிய ஆள் என்பதாலேயே ஜெயா அவளிடமும் பேச்சைக் குறைத்துவிட்டாள். இதுதான் நீ டெலீட் பண்ணியதும் முடிந்துபோன விஷயம்.

ஜெயா வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்ல நீ ஏன் தயங்குவாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு நிச்சயம் செய்திருக்கிற திவ்யாவின் வீட்டார் அந்த வீடியோக்களை எல்லாம் பார்த்துப் பெருமைப்பட்டவர்கள். சம்பந்தியம்மா நிச்சயதார்த்தத்தன்று என்னைக் கட்டிப்பிடித்து, 'உங்களை போன்லயே தினம் பாக்கறோம்' என்றார். மாப்பிள்ளைதான் அதை வெட்டினான், அதனால் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று உனக்குப் பயம். நினைக்கட்டும். திவ்யா தெரிந்துகொண்டுதான் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். நாளைக்கு அவள் ஏதாவது ஒரு விஷயத்தில் 'சரி, ஆனா' என்று இழுப்பாள். எல்லாப் பெண்களும் இழுக்கிறோம், அந்த இடத்தில்தான் நாங்கள் உண்மையில் சொல்ல வந்தது இருக்கிறது. சம்மதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டால் வீட்டுக்குள்ளும் இதே கதைதான் நடக்கும், இசை மட்டும் இருக்காது. உங்கப்பா அதில் கெட்டிக்காரர். 'நான் படிக்கப் போறேன், ஆனா சனிக்கிழமை நீங்க பாத்துக்கணும்' என்றதில் முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் விடிவதற்கு முன் எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டுத்தான் நான் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த வெறும் வயிறு ஆர்வத்தினால் மட்டும் வந்ததில்லை.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் ஒரு முறை கத்திவிட்டு விட்டிருப்பேன். நீ நல்ல எண்ணத்தோடு, அம்மாவைப் பத்துப் பேர் பாராட்ட வேண்டும் என்று, அம்மாவின் வாயை மூடிவிட்டாய். நான் இத்தனை வயதுக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். வாழைத்தண்டு நல்லது என்று யாருக்குத்தான் தெரியாது? அதைச் சொல்ல நான் எதற்கு? யாருக்கு, எப்போது, எவ்வளவு, யாருக்குக் கூடாது என்பதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதை எடுத்துவிட்டால் உன் அத்தை சொன்னது சரி, நான் அடுப்படியில் நிற்கிறவள் மட்டும்தான்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அன்று எடுத்த முழு வீடியோ அழியவில்லை, உன் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று நீயே சொன்னாய். அதைப் போனில் ஏற்றிக்கொள். இந்த ஞாயிற்றுக்கிழமை வா. சனிக்கிழமை ராத்திரியே அங்கே பஸ் ஏறி காஞ்சிபுரத்தில் இறங்கு, செங்கல்பட்டுக்கு வா. அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்கு ரயில் ஏறாதே. வீட்டுக்கு வராதே. பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவிக்கொண்டு நேரே கல்பாக்கம் பஸ்ஸில் ஏறு. ஜெயா கதவைத் திறந்ததும் நீ யார் என்று சொல். அம்மா அனுப்பினார்கள் என்று சொல்லாதே. நானாக வந்தேன் என்று சொல், அதற்குள் அது உண்மையாகியிருக்க வேண்டும். நீ வெட்டிய வீடியோவை முதலில் காட்டு. பிறகு முழுதையும் காட்டு. நான்தான் வெட்டினேன் என்று உன் வாயால் சொல். சாருக்கும் கேட்கிற மாதிரி ஹாலில் வைத்துச் சொல். அவர் திட்டுவார், திருநெல்வேலிக்காரர் திட்டினால் நன்றாகத் திட்டுவார். பதில் பேசாமல் கேட்டுக்கொள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிடாதே. உட்காரச் சொல்லாவிட்டால் நின்றுகொண்டிரு.

அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வைப்பார்கள், சாருக்கு அது இல்லாமல் முடியாது. ஜெயா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்கும்வரை இரு. முடிந்தால் சாரையும் எழுப்பிச் சமையலறைக்குக் கூட்டிப்போ. என்னால் முடியாதது உன்னால் முடிகிறதா என்று பார்க்கலாம். காய் வெந்ததும் அந்தத் தண்ணீரை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். அவள் கொட்டினால் எனக்கு ஒரு போன் செய், கொட்டிட்டாங்கம்மா என்று மட்டும் சொல்லு, போதும். கொட்டாவிட்டால் அங்கேயே இரு, மறுபடி சொல். நான் அன்றைக்கு வகுப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா